ஏரிக்கரைக் கலங்கரை விளக்கங்களைப் படமெடுக்க: எந்தப் பருவம், எந்தக் கரை?

சிகாகோ பக்கம் கேமராவும் கையுமாக இருக்கும் நம் ஆட்கள் வருஷா வருஷம் கேட்பது இதைத்தான்: மிச்சிகன் ஏரிக்கரையில் கலங்கரை விளக்கம் படமெடுக்கப் போக எந்த சீசன் நல்லது, எந்த ஊருக்குப் போவது? தேடிப் பார்த்தால் பனிக்கட்டியில் மூடிப்போன செயின்ட் ஜோசஃப் கலங்கரை விளக்கத்தின் படம் ஒன்று வரும், கூடவே ஜனவரியில் போகச் சொல்லி ஒரு அறிவுரையும் வரும். அதை நம்பி ஜனவரியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்து, ஹோட்டல் போட்டு, குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனால், பெரும்பாலும் சாம்பல் வானமும் சாம்பல் ஏரியும் நடுவில் சாதாரணமாக நிற்கும் ஒரு கோபுரமும்தான் கிடைக்கும். படத்தில் இருக்கும் அந்தப் பனிச்சிற்பம் வருஷத்தில் சில நாட்கள்தான் உருவாகிறது, அது எந்த நாள் என்று இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பு வரை யாருக்கும் தெரியாது.

அதனால் பருவங்களை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், என் கணக்கு முழுக்க இதை வைத்துத்தான். இந்த ஏரிகளில் நல்ல படம் தரும் விஷயங்கள் இரண்டு வகை. கோடைச் சூரியாஸ்தமனம், இலை நிறம், பால்வீதி மாதிரியானவற்றுக்கு நாள் குறித்துப் போகலாம். புயல் அலை, பனி மூடுதல், மூடுபனி ஆகியவை வரும்போதுதான் வரும். முதல் வகைக்கு எவ்வளவு தூரமும் போகலாம். இரண்டாவது வகைக்கு வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் இடம்தான் உங்கள் இடம், அது அழகில் இரண்டாம் தரமாக இருந்தாலும் சரி.

இந்தப் பக்கம் வராதவர்களுக்கு: ஏரி என்றதும் செம்பரம்பாக்கமோ வீராணமோ நினைவுக்கு வந்தால் அதை ஓரமாக வைத்துவிடுங்கள். மிச்சிகன் ஏரி வடக்கு தெற்காக ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளம், எதிர்க்கரை தெரியாது, காற்று எழும்பினால் கப்பலையே அடித்துப்போடும் அலை வரும். மிச்சிகன் மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் கலங்கரை விளக்கங்கள் நிற்கின்றன, அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. அலுப்பில்லாமல் ஆயுள் முழுக்க எடுக்கலாம் என்பதே தேர்ந்தெடுப்பதைச் சிரமமாக்குகிறது.

தூரக் கணக்கைப் பார்த்துவிடுவோம். சிகாகோ நகரத்திலிருந்து, ஏரியின் கிழக்குக் கரையில் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் செயின்ட் ஜோசஃப் சுமார் 100 மைல், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே கரையில் வடக்கே சவுத் ஹேவன், ஹாலண்ட், கிராண்ட் ஹேவன் என்று வரிசையாக வரும், கிராண்ட் ஹேவனுக்கு மூன்று மணி நேரம் வையுங்கள். லுடிங்டனில் இருக்கும் பிக் சேபிள் விளக்கம் நாலு மணி நேரம், பாயின்ட் பெட்சி ஐந்துக்கு மேல். சுப்பீரியர் ஏரியின் வடகரையில், மினசோட்டாவில் இருக்கும் ஸ்பிளிட் ராக் விளக்கம் ஒரு முழுநாள் ஓட்டம். இன்னொன்று, மிச்சிகனுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடிவிடும். சூரியன் மறையும் நேரத்தை மிச்சிகன் நேரத்தில் பார்த்துவிட்டு, கிளம்பும் நேரத்தைச் சிகாகோ நேரத்தில் கணக்குப் போட்டால் போய்ச் சேரும்போது இருட்டியிருக்கும்.

கோடை

எல்லாரும் போவது கோடையில்தான், அதற்கு நியாயமும் இருக்கிறது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, தண்ணீரில் இறங்கிக் குளிக்கலாம். மேற்கு மிச்சிகன் கிழக்கு நேர மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகிறது. சாயங்காலம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக்கூட கரைக்குப் போகலாம். அதற்குப் பிறகும் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வானத்தில் நிறம் தங்கும்.

குறை என்னவென்றால், படத்துக்குள் ஆட்கள். கிராண்ட் ஹேவனில் ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும் கடலோரக் காவல் படைத் திருவிழா நடக்கும், அப்போது கேமராவோடு அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்பேன். மற்ற நாட்களிலும் பியரில் (ஏரிக்குள் நீண்டு போகும் கான்கிரீட் தடுப்பைத்தான் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்கள்) மீன் பிடிப்பவர்கள், ஜோடிகள், ஐஸ்கிரீமோடு நடக்கும் குடும்பங்கள் என்று கூட்டம் குறையாது. பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் எக்ஸ்போஷர் வைத்தால் நடந்துகொண்டிருப்பவர்கள் கரைந்துவிடுவார்கள். மீன் பிடிப்பவர் கரையமாட்டார், அவர் அசைவதே இல்லை. அவரை படத்தில் சேர்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், கோபுரத்தின் அளவு தெரிய ஓர் ஆள் கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

கோடையில் எனக்குப் பிடித்தது மாலையைவிட நடு இரவுதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பால்வீதியின் மையப்பகுதி தெற்கு வானத்தில் தெரியும். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து பிக் சேபிள் போகலாம். 1867 இல் கட்டியது, 112 அடி உயரம், செங்கல் உதிர ஆரம்பித்ததால் 1900 இல் இரும்புத் தகடு போர்த்தி, இப்போது வெள்ளையில் நடுவே கறுப்புப் பட்டையோடு நிற்கிறது. கார் போகாது, லுடிங்டன் மாநிலப் பூங்காவிலிருந்து மணல் பாதையில் ஏறத்தாழ 2 மைல் நடக்கவேண்டும். இந்த நடைதான் கூட்டத்தை வடிகட்டுகிறது. கோபுரத்துக்கு வடக்கே நின்று தெற்கு பார்த்து எடுக்கவேண்டும், லுடிங்டன் ஊர் வெளிச்சம் அடிவானத்தில் கொஞ்சம் மஞ்சளாக விழும், பரவாயில்லை. அகலமான லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, பதினைந்து இருபது விநாடி என்று தொடங்கிப் பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு அதற்குத் தெற்கே லிட்டில் சேபிள் இருக்கிறது, 1874 இல் கட்டிய, பூச்சில்லாத செங்கல் கோபுரம், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து பக்கம். செங்கல் நிறத்துக்கு மாலை வெயில் விழுந்தால் நெருப்பு மாதிரி எரியும், பக்கத்தில் வேறு கட்டடம் எதுவும் இல்லாததால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுற்றிவந்து எடுக்கலாம்.

சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது

பருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இலை, பனி என்று பேசுவார்கள், சூரியன் இடம் மாறுவதைச் சொல்லமாட்டார்கள். இந்த அட்சரேகையில் ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 33 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி. மொத்தம் 66 டிகிரி வித்தியாசம். கலங்கரை விளக்கமோ நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியென்றால் எந்தப் பருவத்தில் போகிறோம் என்பதே பியருக்கு எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

மேற்கு மிச்சிகன் பியர்கள் ஏறக்குறைய எல்லாமே மேற்கு நோக்கி ஏரிக்குள் நீள்கின்றன. பியருக்குத் தெற்கே உள்ள மணலில் நின்றால் விளக்கம் உங்களுக்கு வடமேற்கில் இருக்கும், கோடைச் சூரியன் அதன் பின்னால் இறங்கும். வடக்கே நின்றால் விளக்கம் தென்மேற்கில், குளிர்காலச் சூரியன் அதன் பின்னால். மார்ச்சிலும் செப்டம்பரிலும் சூரியன் நேர் மேற்கு, பியரின் நீளத்தோடே இறங்கும்.

கிராண்ட் ஹேவனை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பியரின் மேல் சிவப்பு நிறத்தில் இரண்டு விளக்கங்கள், அவற்றை இணைக்கும் உயரமான இரும்பு நடைபாதை. அலை பியரைக் கடந்து அடிக்கும் நாட்களில் விளக்குக் காவலர் நனையாமல் போய் விளக்கேற்றுவதற்காகப் போட்டது அது. மாநிலப் பூங்காவின் கடற்கரை இதற்குத் தெற்கே இருப்பதால் கோடையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாலே சரியான இடத்தில் நிற்பீர்கள், நடைபாதையின் கம்பிகள் எல்லாம் ஆரஞ்சு வானத்தில் நிழலாகத் தெரியும். டிசம்பரில் அதே இடத்தில் நின்றால் சூரியன் இடது பக்கம் வெகுதூரத்தில் வெறும் தண்ணீரில் மறையும், விளக்கம் வலது பக்கம் தனியாக நிற்கும். கால்வாயைத் தாண்டி வடகரைக்குப் போகவேண்டும், அதற்கு ஊரைச் சுற்றிக்கொண்டு பாலம் வழியாக ஓட்டவேண்டும். வானம் சிவக்க ஆரம்பித்த பிறகு அது நடக்காது.

ஹாலண்ட் இதற்கு நேர்மாறு. அங்கே இருக்கும் பெரிய சிவப்பு விளக்கத்தை ஊர்க்காரர்கள் பிக் ரெட் என்கிறார்கள், 1956 இல்தான் அதற்கு அந்தச் சிவப்பு வந்தது. அது கால்வாயின் தென்கரையில், அங்கே போகும் வழி தனியார் நிலத்தின் ஊடாகப் போகிறது, போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. எல்லாரும் எடுப்பது எதிர்க்கரையில் உள்ள ஹாலண்ட் மாநிலப் பூங்காவிலிருந்து, தெற்கு பார்த்து. கோடை மாலையில் வடமேற்கிலிருந்து வரும் வெயில் நேராக அதன் சிவப்பு முகத்தில் விழும், இங்கே சூரியனைப் படத்துக்குள் கொண்டுவர நினைக்காமல் நிறத்தை எடுங்கள். நிழலுருவம் வேண்டுமென்றால் டிசம்பரில் வாருங்கள். கிராண்ட் ஹேவனும் ஹாலண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான், ஒரே கோடை நாளில் ஹாலண்டில் வெயில் சாயும் நேரத்தை முடித்துவிட்டுக் கிராண்ட் ஹேவனில் சூரியன் மறைவதைப் பிடிக்கலாம், நேரம் கச்சிதமாக இருந்தால்.

செயின்ட் ஜோசஃபுக்கு என் வாக்கு அதிகமாக விழுவதற்குப் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம், இரண்டு பக்கமும் நிற்க வசதி இருப்பது இன்னொரு காரணம். விளக்கங்கள் வடக்குப் பியரில். தெற்கே சில்வர் பீச், வடக்கே டிஸ்கார்னியா பூங்கா. போதாததற்கு ஊருக்குள் மேட்டின் மேல் லேக் பிளஃப் பூங்கா, அங்கிருந்து முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். 1906 லும் 1907 லும் கட்டிய இரண்டு வெள்ளை விளக்கங்கள், ஒன்று பியரின் நுனியில், இன்னொன்று கொஞ்சம் உள்ளே, சிவப்புக் கூரையோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நேராகத் தெரிந்தால் கப்பல் சரியான பாதையில் வருகிறது என்று மாலுமிக்கு அர்த்தம். நமக்கு அதே விஷயம் வேறு விதத்தில் உதவும்: மணலில் இடம் வலமாக நகர நகர இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விரியும், சுருங்கும், இடைவெளியில் சூரியனை உட்காரவைக்க வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம். 1995 இல் அமெரிக்கத் தபால் துறை பேரேரிகளின் (மிச்சிகன், சுப்பீரியர் உள்ளிட்ட ஐந்து பெரிய ஏரிகள்) ஐந்து கலங்கரை விளக்கங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது மிச்சிகன் ஏரிக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தது, சுப்பீரியருக்கு ஸ்பிளிட் ராக்.

இலையுதிர் காலம், இரண்டு விதம்

ஃபால் கலர் பார்க்கப் போகிறோம், அப்படியே கலங்கரை விளக்கத்தையும் எடுத்துவிடுவோம் என்று திட்டம் போடுபவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். மேற்கு மிச்சிகனில் புகழ்பெற்ற விளக்கங்கள் பெரும்பாலும் தண்ணீருக்கு நடுவே பியரில் நிற்கின்றன, பக்கத்தில் மரமே கிடையாது. அக்டோபர் நடுவில் கிராண்ட் ஹேவனில் இலை நிறத்தைப் பின்னணியாக வைக்க நினைத்தால் ஏமாற்றம்தான்.

இலையும் விளக்கமும் சேர்ந்து வேண்டுமென்றால் சுப்பீரியர் பக்கம் போங்கள். ஸ்பிளிட் ராக் 130 அடிப் பாறை உச்சியில் நிற்கிறது, சுற்றிலும் பிர்ச், ஆஸ்பென் மரங்கள். கரையிலிருந்து உள்ளே இருக்கும் மலைகளில் மேப்பிள் செப்டம்பர் கடைசி வாரத்தில் சிவந்துவிடும், கரையோர பிர்ச்சும் ஆஸ்பெனும் மஞ்சளாக அக்டோபர் ஆகிவிடும், ஏரியின் சூடு கரையைக் கொஞ்ச நாள் காப்பாற்றி வைக்கிறது. எல்லாரும் எடுக்கும் இடம் விளக்கத்துக்குத் தென்மேற்கே உள்ள கூழாங்கல் கரை, அங்கிருந்து வடகிழக்கு பார்த்து பாறையையும் கோபுரத்தையும் சேர்த்து எடுக்கலாம். வடகரையில் ஏரி கிழக்கும் தெற்குமாக இருப்பதால் இங்கே காலை வெளிச்சம்தான் முக்கியம், மிச்சிகன் கரைக்குப் பழகியவர்கள் சாயங்காலம் வரை காத்திருந்து கோட்டைவிடுவார்கள். போலரைசர் கட்டாயம், ஈர இலையின் பளபளப்பைக் குறைத்தால் மஞ்சள் அப்படியே எழும்பி வரும். அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு எவன்ஸ்டனில் கிராஸ் பாயின்ட் இருக்கிறது, 1873 இல் கட்டிய 113 அடி உயரமான கோபுரம், சுற்றிலும் பெரிய மரங்கள், சிகாகோவிலிருந்து ரயிலிலேயே போய் வரலாம். அழகில் ஸ்பிளிட் ராக் எங்கே, இது எங்கே. ஆனால் நிறம் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரே நாளில் வேலை முடிந்து போய் நிற்க முடிவது இங்கேதான்.

இரண்டாவது விதம் நவம்பர். என்னைக் கேட்டால் வருஷத்தின் சிறந்த மாதம் இது, யாரும் போகாத மாதமும் இதுதான். இலை உதிர்ந்தாகிவிட்டது, பனி வரவில்லை, சுற்றுலாப் பயணிகள் இல்லை, ஹோட்டல் விலை இறங்கியிருக்கும். கோடை முழுக்கச் சேர்த்துவைத்த சூடு ஏரித் தண்ணீரில் இன்னும் இருக்கும், வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று அதன் மேல் வரும்போது காற்று மண்டலம் நிலைகுலைந்து மேலே இருக்கும் பலத்த காற்று நீர்ப்பரப்பு வரை இறங்குகிறது. பேரேரிகளில் நவம்பர் புயலுக்கு நூற்றாண்டுப் பேர் உண்டு. ஸ்பிளிட் ராக் கட்டப்பட்டதே 1905 நவம்பரில் ஒரே புயலில் பல கப்பல்கள் சேதமானதால்தான், 1910 இல் விளக்கேற்றினார்கள். எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெரிய சரக்குக் கப்பல் 29 பேரோடு சுப்பீரியரில் மூழ்கியது 1975 நவம்பர் 10.

புயல் அலைக்குப் போகும் முடிவை வானிலை முன்னறிவிப்பு எடுக்கும். தேசிய வானிலைச் சேவையின் ஏரி முன்னறிவிப்பில் கேல் வார்னிங் (பலத்த காற்று எச்சரிக்கை) வந்திருக்கிறதா என்று பாருங்கள், 34 முதல் 47 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்று என்று அர்த்தம். திசை அதைவிட முக்கியம். செயின்ட் ஜோசஃப் ஏரியின் தென்கிழக்கு மூலையில் இருப்பதால், வடக்கு வடமேற்குக் காற்று என்றால் அலை ஏரியின் நீளம் முழுக்க ஓடிவந்து அங்கே மோதும். அன்றைக்கு அலை நுனி விளக்கத்தின் தலைக்கு மேல் எழும்பும். தெற்குக் காற்று என்றால் அதே வேகத்திலும் ஒன்றும் பெரிதாக இருக்காது. காற்று உச்சத்தில் இருக்கும்போது வானம் பெரும்பாலும் மூடியிருக்கும், அடங்க ஆரம்பிக்கும் நேரத்தில் மேகம் கிழிந்து வெயில் விழும், அலை அதற்குப் பிறகும் சில மணி நேரம் இருக்கும். நான் குறிவைப்பது அந்த நேரத்தை.

லென்ஸ் நீளமாக இருக்கட்டும், 100-400 மாதிரி. ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் வேகமாக, தண்ணீர்த் துளிகள் தனித்தனியாக உறையவேண்டும். சிலர் அரை விநாடி வைத்து அலையை இழைகளாக எடுப்பார்கள், அது அமைதியான நாளுக்கு அழகு, புயலின் பலம் அதில் போய்விடுகிறது என்பது என் கட்சி. மணல் பறக்கும், கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். ட்ரைபாட் காற்றில் ஆடும், அதைவிட மேட்டுப் பூங்காவில் ஒரு மரத்தின் மறைவில் நின்று கையில் பிடித்து எடுப்பது மேல். பியர் மேல் போகவே கூடாது, அலை வரும் நாட்களில் பியரிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு ஆட்கள் இறந்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்த படத்தில்தான் அலையும் கோபுரமும் நெருங்கி வந்து பெரிதாகத் தெரியும், ஆக ஆபத்தில் போய் நிற்பதால் படத்துக்கும் லாபம் இல்லை.

குளிர்காலம்

பனி மூடிய விளக்கம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் எப்போது போவது என்பதும் தெரிந்துவிடும். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் வேண்டும்: உறையாத ஏரி, பலத்த காற்று, உறைநிலைக்கு நன்றாகக் கீழே போன வெப்பம். அலை பியரில் மோதித் தெறிக்கும் நீர் கோபுரத்தின் மேலும் நடைபாதைக் கம்பிகளின் மேலும் விழுந்து விழுந்து உறைகிறது. கரையோரம் பனித்தட்டு உருவாகி அகலமாகிவிட்டால் அலை கோபுரத்தை எட்டாது, அதற்குப் பிறகு எவ்வளவு குளிர் வந்தாலும் புதிதாகப் பனி ஏறாது. ஆகவே கடுங்குளிர் வருஷம்தான் நல்ல வருஷம் என்று சொல்லமுடியாது. 2014 இல் பேரேரிகளின் பரப்பில் 92 சதவீதத்துக்கு மேல் உறைந்தது, அது பனிப்பரப்பை எடுக்க அருமையான வருஷம், தெறிக்கும் பனிக்கு வேண்டியது வேறு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை, முதல் கடுங்குளிர் அலை பெருங்காற்றோடு வரும் நாளுக்கு அடுத்த நாள் காலை, இதுதான் வாய்ப்பு.

அதிலும் சூரியன் வேண்டுமே. குளிர்ந்த காற்று சூடான ஏரியைக் கடக்கும்போது ஈரம் ஏறி மிச்சிகன் கரையில் மேகமும் பனிப்பொழிவுமாக இறங்குகிறது, லேக் எஃபெக்ட் என்பது இதுதான். மேற்கு மிச்சிகனில் டிசம்பர், ஜனவரி முழுக்கப் பெரும்பாலும் மேகம். பனி மூடிய விளக்கமும் நீல வானமும் சேர்ந்த படம் ஏன் அத்தனை பேரால் பகிரப்படுகிறது என்பதற்குக் காரணம் அது கிடைப்பது அவ்வளவு கஷ்டம் என்பதே. வெள்ளைப் பனி, வெள்ளைக் கோபுரம், வெள்ளை வானம் என்று சேர்ந்தால் படத்தில் எதுவும் பிரியாது. மேகமூட்ட நாளில் செயின்ட் ஜோசஃபை விட்டுவிட்டு, நேரம் இருந்தால் சிவப்பு விளக்கம் உள்ள சவுத் ஹேவனுக்கோ கிராண்ட் ஹேவனுக்கோ வண்டியைத் திருப்புங்கள். சாம்பல் நாளில் சிவப்பு ஒன்றுதான் காப்பாற்றும்.

பனிக்காலத்தில் கேமரா தானாக அளக்கும் எக்ஸ்போஷர் பனியைச் சாம்பலாக்கிவிடும், ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைத்து ஹிஸ்டோகிராமை (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) பாருங்கள். உதிரி பேட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், வெளியே வைத்தால் சட்டென்று இறங்கும். காருக்குள் வருமுன் கேமராவைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டு, வீடு போய் ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள், இல்லையென்றால் லென்ஸுக்குள் வரை ஈரம் படியும். கரையோரப் பனித்தட்டு திடமான தரை போலத் தெரியும், உள்ளே பள்ளமும் ஓட்டையுமாக இருக்கும், அதன் மேல் நடக்கக்கூடாது. வடக்கே பாயின்ட் பெட்சி (1858) கரையிலேயே நிற்பதால் பியர் தொல்லை இல்லை, பனியும் பிரமாதமாக ஏறும், ஆனால் சிகாகோவிலிருந்து பனிச்சாலையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். டிராவர்ஸ் சிட்டி பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது வரம். நமக்கு அது சூதாட்டம்.

வசந்தம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஏப்ரலில் மரங்கள் மொட்டையாக, கரை அழுக்காக, மணலெல்லாம் குளிர்காலப் புயல் இழுத்துப் போட்ட குப்பையாக இருக்கும். ஒரே ஒரு சங்கதிக்காகப் போகலாம், மூடுபனி. ஏரி இன்னும் சில்லென்று இருக்கும்போது தெற்கிலிருந்து சூடான ஈரக்காற்று வந்தால் தண்ணீரின் மேல் பனிப்படலம் உருளும், கோபுரத்தின் உச்சி மட்டும் வெளியே தெரிவது உண்டு. இதுவும் சொல்லாமல் வருவது, ஆகவே பக்கத்தில் இருக்கும் இடம்தான். நாள் குறித்துப் போக விரும்புபவர்களுக்கு மே நடுவில் டிராவர்ஸ் சிட்டிக்கு வடக்கே ஓல்டு மிஷன் தீபகற்பம், செர்ரித் தோட்டங்கள் பூத்திருக்கும், நுனியில் 1870 இல் கட்டிய மிஷன் பாயின்ட் விளக்கம், மர வீடு மாதிரி சின்னதாக. அலை, ஆவேசம் ஒன்றும் கிடையாது. பூ பூக்கும் வாரம் வருஷத்துக்கு வருஷம் முன்பின் ஆகும், ரத்து செய்ய முடிகிற அறையாகப் போடுங்கள்.

மேற்குக் கரையா, கிழக்குக் கரையா

விஸ்கான்சின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் பாதி தலைகீழ். ஏரி கிழக்கே, ஆகவே சூரியோதயம். ரசீன் அருகே விண்ட் பாயின்ட் (1880, 108 அடி) சிகாகோவிலிருந்து செயின்ட் ஜோசஃபைவிடப் பக்கம், நேர மண்டலக் குழப்பமும் இல்லை. ஆனால் ஜூனில் உதயத்தைப் பிடிக்க அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பவேண்டும், டிசம்பரில் ஐந்து மணிக்குக் கிளம்பினால் போதும், காலை எழ முடியாதவர்கள் இந்தக் கரையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். லேக் எஃபெக்ட் மேகம் காற்று போகும் திசையில், அதாவது மிச்சிகன் பக்கம்தான் சேரும், அதனால் குளிர்காலத்தில் விஸ்கான்சின் கரையில் வெயில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வடக்கே டோர் கவுண்டியில் கானா தீவு (1869) போகக் கல் பரப்பிய பாதை ஒன்று உண்டு, ஏரியின் மட்டம் ஏறிய வருஷங்களில் அது தண்ணீருக்குள் போனதுண்டு. இந்த ஏரிகளின் மட்டம் வருஷத்துக்கு வருஷம் நன்றாகவே மாறும்: மிச்சிகன் ஏரி 2013 ஜனவரியில் வரலாற்றிலேயே குறைந்த மட்டம், 2020 இல் மாதாமாதம் உச்ச சாதனை. அந்த ஏழு வருஷ இடைவெளியில் எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்தால் ஒரே கரை என்று நம்பவே முடியாது, ஒன்றில் அகலமான மணல், இன்னொன்றில் மரத்தின் வேர் வரை தண்ணீர். யாரோ எடுத்த பழைய படத்தைப் பார்த்து அதே இடத்தில் நிற்கப்போனால் அந்த இடமே இல்லாமல் போயிருக்கலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? வருஷத்துக்கு ஒரே ஒரு பயணம், அதுவும் முன்கூட்டியே விடுப்பு சொல்லித்தான் என்றால், குடும்பத்தோடு போகிறவர்கள் ஜூன் இரண்டாம் பாதியில் கிராண்ட் ஹேவன், ஹாலண்ட். திருவிழாக் கூட்டம் வருமுன் வார நாட்களில் போனால் இன்னும் நல்லது. தனியாகவோ நண்பர்களோடோ போகிறவர்கள் அக்டோபர் முதல் பத்து நாட்களில் ஸ்பிளிட் ராக். இரண்டுமே பெரிதாக ஏமாற்றாது.

வார இறுதியில் நினைத்தால் கிளம்பமுடியும் என்ற நிலையில் இருப்பவர்கள் இடத்தை மாற்றி மாற்றிப் போகாமல் செயின்ட் ஜோசஃபையே பிடித்துக்கொள்ளுங்கள். பத்து விளக்கங்களில் ஒவ்வொரு படம் எடுத்தவர்களின் தொகுப்புகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே ஜூலை மாலை, ஒரே ஆரஞ்சு நிறம். ஒரே விளக்கத்தை நவம்பரிலும் ஜனவரியிலும் ஏப்ரல் மூடுபனியிலும் எடுத்தவரின் தொகுப்பில்தான் ஏரி தெரிகிறது. அடுத்த லென்ஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் பாதியைப் பெட்ரோலுக்கு ஒதுக்குங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். இந்தத் தேர்வுக்கு ஒரு நிபந்தனை உண்டு, வானிலை முன்னறிவிப்பை நவம்பர் தொடக்கத்திலிருந்து தினமும் பார்க்கவேண்டும், வியாழக்கிழமை முடிவு செய்து சனிக்கிழமை போகவேண்டும், வீட்டில் அதற்கு முன்பே பேசி வைத்திருக்கவேண்டும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது, நாள் குறித்துப் போய் நவம்பரையும் பார்ப்பது. ஸ்பிளிட் ராக் 1969 இல் பணி ஓய்வு பெற்றுவிட்டது, இப்போது விளக்கு எரிவது மிகச் சில நாட்களில்தான். ஒவ்வொரு நவம்பர் 10 அன்றும் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டின் நினைவாக, இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மணியடித்துவிட்டு, அந்தி நேரத்தில் விளக்கை ஏற்றுவார்கள். கூழாங்கல் கரையில் ட்ரைபாட்கள் வரிசையாக நிற்கும், மதியமே போனால்தான் இடம். மேகமாக இருந்தாலும் கவலையில்லை, நீல வெளிச்சத்தில் மஞ்சள் விளக்கு எப்படியும் எடுபடும், வானம் கைகொடுக்காவிட்டாலும் படத்தோடு திரும்பமுடிகிற ஒரே நவம்பர் பயணம் எனக்குத் தெரிந்து இதுதான். டூ ஹார்பர்ஸ் பக்கம் அறைகள் குறைவு, கோடையிலேயே போட்டுவிடுங்கள், டுலூத்தில் தங்கினாலும் ஒரு மணி நேர ஓட்டம்தான்.